காடு கெடுத்ததா, கணக்குப் புத்தகம் கெடுத்ததா?

மார்ச் 2 — ஒரு வாசகர் எழுப்பிய கேள்வி

காலனியம் பற்றிய பெரிய நாவல்களிலும் படங்களிலும் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. நல்லவன் ஒருவன் ஐரோப்பாவிலிருந்து கப்பல் ஏறுகிறான். காடு, வெயில், தனிமை, கேட்பார் இல்லாத இடம். கொஞ்ச காலத்தில் மிருகமாகிவிடுகிறான். நாம் அவனுக்காகப் பரிதாபப்பட வேண்டும். அவன் கொன்றவர்களுக்குப் பெயர்கூட இல்லை. இதையெல்லாம் ஏன் செவ்வியல் என்று கொண்டாடுகிறோம்?

மார்ச் 2, இரவு

பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். செத்தவர்களுக்குப் பெயர் இல்லை என்பது உண்மை, அதற்குச் சமாதானமே கிடையாது. ஆனால் 'காடு அவனைக் கெடுத்தது' என்பது பெரும்பாலும் இந்தக் கதைகளைப் பற்றிப் பின்னால் வளர்ந்த பேச்சு. கதைக்குள் போய்ப் பார்த்தால் அழுகல் வேறு இடத்தில் இருக்கிறது. ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' என்றால், காங்கோ காட்டுக்குள் தந்தம் சேர்க்கப் போய் மிருகமாகிப்போன கம்பெனி முகவன் குர்ட்ஸ்தான் எல்லோருக்கும் ஞாபகம் வருவான். எனக்கு அந்தக் கம்பெனியின் தலைமைக் கணக்கர்தான் வருகிறார். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

மார்ச் 3

கல்லூரியில் இந்தக் குறுநாவலைப் படித்தபோது கணக்கர் என் கண்ணில் படவே இல்லை. குர்ட்ஸ் எப்போது வருவான் என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். பிறகு நானே வரவு செலவு எழுதும் வேலைக்கு வந்து, பல வருடம் கழித்து மறுபடி எடுத்தேன். அந்த இரண்டு மூன்று பக்கங்களைத் தாண்டிப் போக முடியவில்லை.

கதையைச் சொல்லும் மாலுமி மார்லோ காங்கோவில் கம்பெனியின் முதல் நிலையத்துக்கு வந்து சேர்கிறான். கழுத்தில் இரும்பு வளையமும் சங்கிலியுமாக ஆட்கள் போவதைப் பார்க்கிறான். நிழலுக்காக ஒரு தோப்புக்குள் நுழைந்தால், வேலை செய்யத் தெம்பில்லாமல் போனவர்கள் அங்கே சுருண்டு கிடந்து செத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து வெளியே வந்ததும் எதிர்ப்படுபவர்தான் கணக்கர். கஞ்சி போட்டு மொடமொடப்பான காலர், பனிபோல் வெளுத்த கால்சட்டை, எண்ணெய் தடவி வகிடெடுத்த தலை. அந்த வனாந்தரத்தில் எப்படி இப்படி உடுத்த முடிகிறது என்று கேட்டால், உள்ளூர்ப் பெண் ஒருத்திக்கு வெளுக்கக் கற்றுக் கொடுத்தேன், சிரமமாகத்தான் இருந்தது, அவளுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை என்கிறார். அவளுக்கு அவ்வளவுதான் இடம். அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு பெண் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கிறாள், கதை அப்படியே நகர்ந்துவிடுகிறது.

அவருடைய அறையில் நோயில் விழுந்த ஒரு வெள்ளைக்கார முகவரைக் கட்டிலில் கொண்டுவந்து போடுகிறார்கள். அவன் முனகுவது கவனத்தைக் கலைக்கிறது, இந்த வெப்பத்தில் எழுத்துப் பிழை இல்லாமல் கணக்கு எழுதுவதே பெரும்பாடு என்று கணக்கர் அலுத்துக்கொள்கிறார். வெளியே கறுப்பர்கள் கூச்சல் போடும்போது, சரியான பதிவு போட வேண்டியவனுக்கு இவர்கள்மேல் சாகும் அளவுக்கு வெறுப்பு வந்துவிடுகிறது என்கிறார். அவர் வாசற்படியில் நின்றால் அந்தத் தோப்பின் மர உச்சிகள் தெரிகின்றன.

இந்த மனிதரைக் காடு எதுவும் செய்யவில்லை. குடிப்பதில்லை, வெறி பிடிக்கவில்லை, யாரையும் அடித்ததாகக்கூட கதையில் இல்லை. புத்தகங்கள் ஒழுங்காக இருக்கின்றன. மார்லோவே அவரை மதிக்கிறான். கெட்டுப்போன மனிதன் எப்படி இருப்பான் என்பதற்குக் குர்ட்ஸைவிட இவரைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

மார்ச் 3, கொஞ்சம் கழித்து

விட்டுப்போன ஒன்று. குர்ட்ஸ் வேலிக் கழிகளில் மனிதத் தலைகளைச் செருகி வைத்திருப்பதைப் பார்த்தபின் கம்பெனி மேலாளர் என்ன சொல்கிறார்? குர்ட்ஸின் முறை சரியில்லையாம். கம்பெனிக்கு நன்மையைவிடத் தீமை அதிகமாகிவிட்டதாம், கொஞ்ச காலத்துக்கு இந்த வட்டாரத்தில் வியாபாரம் நடக்காதாம். தந்தம் மட்டும் ஏராளமாக இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறார். பாவம் என்ற பேச்சே அவர் வாயில் வரவில்லை.

மார்ச் 5

மார்லோவின் படகில் வேலை செய்த ஆட்களின் கூலியையும் பாருங்கள். வாரத்துக்கு மூன்று பித்தளைக் கம்பித் துண்டுகள், ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம். கரையோர ஊர்களில் அதைக் கொடுத்து உணவு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஊர்கள் காலியாகிக் கிடக்கின்றன, அல்லது ஊரார் பகையாக இருக்கிறார்கள், அல்லது படகு நிற்பதே இல்லை. கம்பியைத் தின்ன முடியுமா? ஆனால் வாரா வாரம் கூலி தவறாமல் கொடுக்கப்படுகிறது. பெரிய கௌரவமான வியாபார நிறுவனத்துக்கு ஏற்ற ஒழுங்கு என்று மார்லோ சொல்கிறான். படிக்கும்போது வயிறு எரிகிறது.

மார்ச் 6

"அப்படியானால் அச்சிபி சொன்னது தப்பா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்சிபி 1975-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேசிய உரை, இந்த இழையைத் தொடங்கிவைத்த கேள்வியேதான். ஒரு சில்லறை ஐரோப்பிய மனம் உடைந்துபோவதைக் காட்ட ஒரு கண்டத்தையே மேடைச் சாமானாக்கிவிட்டார்கள் என்றார். கான்ராடை இனவெறியர் என்று நேராகவே சொன்னார். அந்தக் குறுநாவலில் ஆப்பிரிக்கர்களுக்கு வாய்த்த பேச்சு ஓரிரு வரிகள்தான். ஒன்று, பிடித்துக் கொடு, தின்கிறோம் என்பது. இன்னொன்று, குர்ட்ஸ் செத்துவிட்டார் என்ற அறிவிப்பு. இதை எப்படி மறுக்க முடியும்?

நான் இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன். கம்பெனியைப் பார்க்கும் கண் கான்ராடுக்கு இருந்தது. எதிரே இருந்த மனிதரைக் கேட்கும் காது இல்லை. இது காலத்தின் குறை என்று தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் அதே காலத்தில் அந்தக் காது வேறொருவருக்கு இருந்தது. 1890-ல் கான்ராட் காங்கோ போனபோது மத்தாடியில் ரோஜர் கேஸ்மென்ட்டைச் சந்தித்தார். அந்த கேஸ்மென்ட் பின்னாளில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக எழுதிய அறிக்கை 1904-ல் வெளிவந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சொன்ன வாக்குமூலங்கள் அதில் இருக்கின்றன. ஆற்றங்கரையில் கேட்டால் சொல்ல ஆட்கள் இருந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

1885 முதல் 1908 வரை காங்கோ, பெல்ஜியம் நாட்டுக்கே சொந்தமில்லை. இரண்டாம் லியோபோல்ட் மன்னரின் தனிச் சொத்தாக இருந்தது. கான்ராட் பார்த்தது தந்தக் காலம். ரப்பர் வெறி அதற்குப் பின்னால் உச்சத்துக்குப் போனது. அப்போது சிப்பாய்கள் தோட்டாவை வீணாக்கவில்லை என்று காட்ட, சுடப்பட்டவர்களின் வெட்டிய கையைக் கொண்டுவர வேண்டியிருந்தது. தோட்டா குறைந்தால் உயிரோடு இருப்பவர் கையையும் வெட்டினார்கள். அதுவும் ஒரு கணக்குத்தான்.

மார்ச் 9

திரைப்படத்துக்கு வந்தால் கேள்வி கேட்டவர் பக்கம் நியாயம் கூடுகிறது. கொப்பலாவின் 'அபோகலிப்ஸ் நவ்' (1979) கான்ராடின் கதையை வியட்நாம் போருக்கு மாற்றியது. படம் வியட்நாமில் எடுக்கப்பட்டது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை, பிலிப்பைன்ஸில் எடுத்தது. ஹெலிகாப்டர்கள் மார்க்கோஸ் அரசுடையவை. நடுவில் அவை உள்நாட்டுக் கிளர்ச்சியாளர்களோடு சண்டை போடத் திரும்பப் போய்விடும், படப்பிடிப்பு நின்றுவிடும். ஒரு சர்வாதிகாரியின் உண்மையான போருக்கும் ஒரு பொய்ப் போருக்கும் நடுவே அதே எந்திரங்கள் போய் வந்தன என்று தெரிந்தபின் அந்தப் பிரபலமான தாக்குதல் காட்சியை என்னால் பழைய வியப்போடு பார்க்க முடியவில்லை.

ஆனால் என் முக்கியமான மனக்குறை வேறு. படத்தில் தந்தம் இல்லை. கம்பெனி இல்லை, மேலாளர் இல்லை, பித்தளைக் கம்பி இல்லை. யாருக்கு என்ன லாபம் என்பது போய்விட்டது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? ஆறு, மூடுபனி, பைத்தியம். அப்போது நிஜமாகவே காடுதான் மனிதனைக் கெடுத்தது போல ஆகிவிடுகிறது. 2001-ல் வந்த நீண்ட வடிவத்தில் ஒரு பிரெஞ்சுத் தோட்டக் குடும்பம் வருகிறது. இது எங்கள் மண், நாங்கள் போகமாட்டோம் என்று சாப்பாட்டு மேசையில் சண்டை போடுகிறார்கள். அந்தக் காட்சி படத்தின் ஓட்டத்தைக் கெடுக்கிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. சொத்து என்ற விஷயம் அங்கேதான் வாய் திறக்கிறது.

மார்ச் 10

இடம்தான் மனதைக் கெடுக்கிறது என்பதை மிக அழகாகச் சொன்ன படம் 'பிளாக் நார்சிஸஸ்' (1947). இமயமலையில் ஒரு பழைய அரண்மனையில் மடம் தொடங்கும் ஆங்கிலக் கன்னியாஸ்திரிகள். காற்று ஓயாமல் வீசுகிறது, உயரம் தலையைச் சுற்றுகிறது, ஒருவர் பின் ஒருவராக நிலைகுலைகிறார்கள். கண்ணை எடுக்க முடியாத படம், ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் வாங்கியது. அந்த இமயம் இங்கிலாந்தில் பைன்வுட் ஸ்டூடியோவில் ஓவியமாக வரையப்பட்டது. காற்றும் அங்கேயே உண்டாக்கியதுதான். குற்றம் சாட்டப்பட்ட மலையும் காற்றும் அந்த இடத்தில் இருக்கவே இல்லை. கன்னியாஸ்திரிகள் மூட்டை கட்டிக்கொண்டு இறங்கிப்போகும் அந்தப் படம், இந்தியா விடுதலை பெறுவதற்குச் சில மாதம் முன்னால் வெளியானது என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன்.

மார்ச் 14

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதை எழுதுவதற்கு எனக்குக் கொஞ்சம் நாள் தேவைப்பட்டது.

ஆர்வெல் 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரி. 1936-ல் எழுதிய 'ஷூட்டிங் ஆன் எலிஃபண்ட்' கட்டுரையைப் பாடமாகப் படித்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். மதம் பிடித்த யானை ஒன்று கடைத்தெருவில் புகுந்துவிடுகிறது. அவர் துப்பாக்கியோடு போகிறார். போய்ச் சேரும்போது யானை அமைதியாகப் புல் தின்றுகொண்டிருக்கிறது. சுடத் தேவையில்லை. ஆனால் பின்னால் பெருங்கூட்டம் வேடிக்கை பார்க்கிறது, சிரித்துவிடுவார்களோ என்று சுடுகிறார். வெள்ளைக்காரன் கொடுங்கோலன் ஆகும்போது தன் சுதந்திரத்தையே அழித்துக்கொள்கிறான் என்ற வரியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். எங்கள் ஆசிரியரும் அந்த வரியைத்தான் அடிக்கோடிடச் சொன்னார். நானும் இட்டேன்.

யானை ஒரு மனிதனை மிதித்துக் கொன்றிருக்கிறது. அவன் யார்? 'கறுத்த திராவிடக் கூலி' என்று ஆர்வெல் எழுதுகிறார். சேற்றில் புதைந்து, முதுகுத் தோல் உரிந்து, பல் தெரியக் கிடக்கிறான். கட்டுரையின் கடைசியில் இளம் வெள்ளைக்காரர்கள், ஒரு கொரிங்கிக் கூலியைவிட யானையின் விலை அதிகம், அதைச் சுட்டது அநியாயம் என்று பேசிக்கொள்கிறார்கள். கொரிங்கி என்றால் கோதாவரி முகத்துவாரத்துக் கொரிங்கா துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களுக்கு வைத்த பெயர். ஆர்வெலோ, கூலி செத்தது நல்லதாகப் போயிற்று, சட்டப்படி நான் செய்தது சரி என்று ஆகிவிட்டது என்று எழுதுகிறார்.

வகுப்பில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தோம். செத்தவன் எங்களைப் போல ஒருவன். அவனைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஆர்வெலின் மனச்சாட்சியைத்தான் அலசினோம், தேர்விலும் அதைத்தான் எழுதினோம்.

ஆனால் ஆர்வெல் இதை மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு மனிதனின் சாவு தனக்குச் சாதகமான ஆவணமாக மாறியதைத் தன் கையாலேயே எழுதிவைத்திருக்கிறார். அந்த ஒரு வாக்கியம் சுதந்திரம் பற்றிய வரியைவிடப் பெரியது. இனி அந்தக் கட்டுரையை யாருக்காவது சொல்லிக்கொடுத்தால் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

மார்ச் 15

ஆர்வெலின் 'பர்மீஸ் டேஸ்' (1934) நாவலில் வரும் டாக்டர் வீராசாமியை மறக்காதீர்கள். பெயரே நம்மூர்ப் பெயர். வெள்ளைக்காரர்கள் நாகரிகம் கொண்டுவந்தார்கள் என்று அவர் உருகி உருகிப் பேசுவார். மரக் கம்பெனிக்காரன் ஃபிளோரி, அதெல்லாம் கிடையாது, அதிகாரி பர்மாக்காரனை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறான், வியாபாரி அவன் சட்டைப் பையைத் துழாவுகிறான் என்பான். உண்மை தெரிந்த அவன் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். அவனை நம்பிய டாக்டர்தான் கடைசியில் பதவி இறக்கப்பட்டு மாண்டலேக்கு மாற்றப்படுகிறார். ஃபிளோரியின் தற்கொலைக்கு அழுதவர்கள் டாக்டருக்கும் கொஞ்சம் கண்ணீர் வைத்திருக்க வேண்டும்.

மார்ச் 19

"வெள்ளைக்காரர்களையே பேசுகிறோம், நம் ஆட்கள் என்ன யோக்கியமா?" இந்தக் கேள்வி வந்தே தீரும் என்று தெரியும், வந்தது நல்லது.

'பர்மீஸ் டேஸ்' நாவலின் வில்லனே யூ போ கியின் என்ற பர்மாக்காரன், நீதித்துறை அதிகாரி. வழக்கில் இரண்டு பக்கமும் லஞ்சம் வாங்கிக்கொண்டு பிறகு சட்டப்படி தீர்ப்புச் சொல்வான், அதனால் நடுநிலையாளன் என்று பெயர். ஆனால் உள்ளூர்க்காரன்தான் ஊழலின் முகம் என்று ஒரு ஆங்கிலேய நாவல் காட்டும்போது நான் கொஞ்சம் எச்சரிக்கையாகிறேன். அந்த நாற்காலியைப் போட்டவன் யார் என்பதையும் நாவல் காட்டியாக வேண்டும்.

இதை நன்றாகச் செய்த நாவல், பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' (1969). ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. பஞ்சத்தில் கிடக்கும் கறுப்பனையும் வள்ளியையும் மேஸ்திரி முன்பணம் கொடுத்து மலைக்குக் கூட்டிப்போகிறான். ஆள் பிடித்துக் கொடுத்தவனுக்கு ஒவ்வொரு தலைக்கும் கமிஷன் உண்டு. அவனும் நம் ஊர்க்காரன், நம் பேச்சு, நம் சிரிப்பு. வருடக் கடைசியில் கணக்குத் தீர்க்கும் நாள் வருகிறது. கம்பளி, அரிசி, முன்பணம் எல்லாம் கழித்துப் பார்த்தால் கடன் மிச்சம். அடுத்த வருடமும் இருக்க வேண்டும். மலேரியாவில் சாகிறவர்கள் சாகிறார்கள்.

அந்தக் கணக்குத் தீர்க்கும் பகுதியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருக்கிறது. துரைக்குக் கை அழுக்காகவில்லை, மேஸ்திரிக்குக் காசு வந்தது, மேஸ்திரி மேலேதான் ஆட்களுக்கு ஆத்திரம். நம் ஆள் யோக்கியனா என்றால் இல்லை. ஆனால் அவனுடைய அயோக்கியத்தனத்துக்குச் சம்பளம் போட்டவன் லண்டனில் பங்கு வைத்திருந்தான்.

மார்ச் 20

பாலாவின் 'பரதேசி' (2013) அந்த நாவலை வைத்து எடுத்ததுதானே என்கிறார் ஒருவர். ஆமாம். தப்பி ஓடியவனின் கால் நரம்பை வெட்டும் காட்சியும், மனைவியும் குழந்தையும் அடுத்த கூட்டத்தோடு மலையேறி வந்துநிற்கும் முடிவும் நெஞ்சைப் பிசையும். மருத்துவரைச் சித்தரித்ததில்தான் எனக்கு உடன்பாடில்லை. டேனியல் ஒரு மருத்துவராக, தொழிலாளர் பக்கம் நின்று எழுதிய கதை அது. படத்தில் மருத்துவர் மதம் மாற்றுவதில் குறியாக இருப்பவராகிவிடுகிறார். நோயும் கூலியும் கடனும் பேச வேண்டிய நேரத்தில் கவனம் வேறு பக்கம் போய்விடுகிறது.

மார்ச் 27

மேலே லண்டன் பங்கு என்று எழுதியதற்கு, தூரத்தில் இருந்தவனை எந்த நாவல் காட்டியது என்று கேட்டிருக்கிறார்கள். 1860-லேயே ஒரு டச்சு நாவல் காட்டியது: 'மாக்ஸ் ஹாவலார்'. எழுதியவர் முல்டாடுலி என்ற புனைபெயரில் எடுவார்ட் டௌவெஸ் டெக்கர். டச்சுக்காரர்கள் ஆண்ட ஜாவாவில் லெபாக் என்ற இடத்தில் அதிகாரியாக இருந்து, மக்களைச் சுரண்டிய உள்ளூர்ப் பிரபுமேல் புகார் கொடுத்து, மேலிடம் துணை நிற்காததால் 1856-ல் வேலையை விட்டவர்.

நாவல் ஜாவாவில் தொடங்குவதில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பித் தரகனின் பேச்சில் தொடங்குகிறது. பெயர் டிரோக்ஸ்டோப்பல். தன் தொழில், தன் விலாசம், தன் நேர்மை, தன் பக்தி பற்றியே பேசுவான். கவிதை பொய் என்பான், நாடகம் பொய் என்பான். ஜாவாவில் எருமையைப் பறிகொடுத்த குடியானவனின் கதை அவன் வீட்டுக்குள்ளேயே வாசிக்கப்படுகிறது. அவனுக்கு அதில் காப்பி விலை எங்கே என்றுதான் கவலை. அவன் ஜாவாவுக்குப் போனதே இல்லை, அங்கே யாரையும் தொட்டதில்லை. எந்தக் காட்டு வெயில் அவனைக் கெடுத்தது?

முடிவில் ஆசிரியரே பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, கதாபாத்திரங்களை எல்லாம் போகச் சொல்லிவிட்டு, டச்சு மன்னரை நேருக்கு நேர் விளித்து உங்கள் பெயரால் இது நடக்கிறதே, தெரியுமா என்று கேட்கிறார். நாவல் இலக்கணம் பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். எனக்கு அந்தப் பக்கத்தை உரக்கப் படிக்கத் தோன்றியது, படித்தேன்.

ஏப்ரல் 2

சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாரி' (1977) பற்றி இரண்டு வரியாவது எழுதச் சொன்னார்கள். பிரேம்சந்தின் கதையில் சதுரங்கம் ஆடும் இரண்டு பிரபுக்களும் கடைசியில் ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்கிறார்கள். ராய் அவர்களைச் சாகவிடவில்லை. 1856-ல் அவத் ராஜ்ஜியம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறும் நாளில் ஊருக்கு வெளியே உட்கார்ந்து மறுபடி ஆட்டத்தைத் தொடர்கிறார்கள். சாவு அவர்களுக்குக் கௌரவம் கொடுத்திருக்கும் என்று ராய் நினைத்திருப்பார் போல. அந்தப் படத்தில் என்னை உலுக்குபவர் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் ஊட்ரம்தான். இந்தக் காரியம் தனக்கே பிடிக்கவில்லை என்கிறார், பிடிக்காமலேயே முடித்தும் கொடுக்கிறார். மனம் கசந்துகொண்டே கையெழுத்து வாங்கப் போகிறவர். அவருக்காகப் பரிதாபப்படலாமா என்று கேட்டால், நான் அவத் மன்னர் வாஜித் அலி ஷா தன் கிரீடத்தைக் கழற்றி நீட்டும் காட்சிக்கு அதைச் சேமித்து வைப்பேன்.

ஏப்ரல் 4

ஆட்சிக்கும் ஊருக்கும் நடுவே நின்று காசு பார்க்கும் உள்ளூர் ஆள் விஷயத்தில் அச்சிபியிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. 'திங்ஸ் ஃபால் அபார்ட்' (1958) நாவலில் வெள்ளைக்கார மாவட்டக் கமிஷனர் உமுவோஃபியா என்ற ஊரின் தலைவர்களைப் பேச்சுக்கு அழைத்துக் கைதுசெய்கிறார். அபராதம் 200 மூட்டைச் சோழி. இவர்கள் பெரியவர்கள், மரியாதையாக நடத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார். நீதிமன்றச் சேவகர்கள் தலைவர்களின் தலையை மழித்து, பட்டினி போட்டு, அடிக்கிறார்கள். ஊரில் போய் 250 மூட்டை என்று அறிவிக்கிறார்கள். கூடுதல் 50 அவர்களுக்கு.

அச்சிபி சேவகர்களை விட்டுக்கொடுக்கவில்லை, கமிஷனரையும் தப்பவிடவில்லை. மரியாதையாக நடத்துங்கள் என்ற அந்தச் சொல் எவ்வளவு மலிவானது என்று இரண்டே பக்கத்தில் தெரிந்துவிடுகிறது. மார்ச் 19 குறிப்பில் யூ போ கியின் பற்றி நான் கேட்டது இதைத்தான்.

ஏப்ரல் 5

பிரான்ஸை எதிர்த்த அல்ஜீரிய விடுதலைப் போர் பற்றிய 'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' (1966) ஏன் இங்கே வரவில்லை என்கிறார் ஒருவர். மனதில் இருக்கிறது, எழுத நேரம் வரவில்லை, அவ்வளவுதான். பிரெஞ்சுக் கர்னல் மத்தியூ அதில் பைத்தியமோ குடிகாரனோ அல்ல. நாஜிகளை எதிர்த்துச் சண்டை போட்டவர். சித்திரவதை பற்றிப் பத்திரிகையாளர்கள் கேட்கும்போது அவர்களிடமே திருப்பிக் கேட்கிறார்: பிரான்ஸ் அல்ஜீரியாவில் இருக்க வேண்டுமா? ஆமாம் என்றால் அதற்கு வேண்டிய எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதை நடித்த ஜான் மார்ட்டின், நிஜத்தில் அல்ஜீரியப் போரை எதிர்த்த 121 பேர் அறிக்கையில் கையெழுத்திட்டவர். அதனால்தான் அந்த வசனத்தில் அவ்வளவு தெளிவு என்று எனக்குத் தோன்றும்.

அதே இயக்குநர் பொன்டெகோர்வோ, மார்லன் பிராண்டோவை வைத்து எடுத்த 'பர்ன்' படத்தை இங்கே யாராவது பார்த்திருக்கிறீர்களா? அடிமையைவிடக் கூலிக்காரன் மலிவு என்று தோட்ட முதலாளிகளுக்குப் பாடம் எடுக்கும் காட்சி உண்டு. கலகத்தைத் தூண்டியவனையே, பிற்பாடு அதை அடக்க ஒரு சர்க்கரைக் கம்பெனி சம்பளத்துக்கு எடுக்கிறது. பார்த்தவர்கள் எழுதுங்கள், அந்தச் சம்பளப் பேச்சைப் பற்றி எனக்கு நிறையப் பேச வேண்டியிருக்கிறது.